உறைக்குள் ஓர் உறை

சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த இளம்பெண் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வங்கி வேலையை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாகக் கொள்வதென்று முடிவெடுத்தவர். ஓர் இணைய இதழுக்கு அனுப்புவதற்காக எழுதிய கட்டுரை முடிந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. மின்னஞ்சலில் முகவரி இட்டாகிவிட்டது, கோப்பையும் இணைத்தாகிவிட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்த மட்டும் கை வரவில்லை. “நல்லா இல்லைன்னு சொன்னாக்கூடப் பரவாயில்லைண்ணா. ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டா என்ன செய்யறது?” என்றார்.

அப்போது ஏதோ ஆறுதல் சொல்லி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நம்மில் பலர் அச்சிதழ்களுக்குத் தபாலில் எழுதி அனுப்பிய காலத்தைக் கண்டவர்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவும், போதிய அஞ்சல் தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை இணைக்கவும் என்ற அறிவிப்புகளை மந்திரம்போல் மனப்பாடம் செய்தவர்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையில் இருப்பது மெல்லிய அட்டையா, தடித்த உறையா என்று கண் தேடும். தடித்த உறை என்றால் கதை வீடு திரும்பிவிட்டது என்று பொருள். அதன்மேல் நம் முகவரி நம் கையெழுத்திலேயே இருக்கும். நமக்கு வந்த மறுப்பை நாமே முகவரி எழுதி அனுப்பி வைத்ததுபோல் ஒரு கூச்சம் தோன்றும்.

இந்த நடுக்கம் இணையத்தோடு பிறந்ததன்று, தபாலோடும் பிறந்ததன்று. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடுவே, 1862ஆம் ஆண்டில், ஒரு பெரிய உறைக்குள் வைக்கப்பட்ட சிறிய உறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

*

நம் மரபில் நூல்கள் அரங்கேறின. கவிஞன் அவையின் நடுவே நின்றான். குற்றம் கண்டவரின் முகம் அவனுக்கு எதிரே இருந்தது. திருவிளையாடற் புராணத்துத் தருமியை எண்ணிப் பாருங்கள். பொற்கிழிக்காகப் பாட்டோடு பாண்டியன் அவைக்குப் போனவன் அவன். நக்கீரர் குற்றம் சொன்னது அவனுக்குப் பேரிடிதான். ஆயினும் குற்றம் சொன்னவர் யார், என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அழுது முறையிட இறைவனின் சந்நிதியும் இருந்தது. அவமானம் உண்டு, ஆனால் மௌனம் இல்லை.

அச்சு இயந்திரம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. எழுதியவனுக்கும் தீர்ப்புச் சொல்பவனுக்கும் இடையே ஒரு கதவு வந்தது. அந்தக் கதவு சில நேரங்களில் உண்மையான மரக்கதவாகவே இருந்தது. 1722இல் பாஸ்டன் நகரில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் எழுத்தை இரவில் ஓர் அச்சகத்தின் கதவுக்கு அடியில் செருகிவிட்டுப் போனான். அந்த அச்சகம் அவனுடைய அண்ணனுடையது. அங்கே அவன் பயிற்சியாளாக வேலை செய்துகொண்டிருந்தான். எழுதியது தம்பி என்று தெரிந்தால் அண்ணன் தன் ‘நியூ இங்கிலாந்து கூரன்ட்’ பத்திரிகையில் அதைப் போடமாட்டான் என்ற அச்சத்தால் கையெழுத்தை மாற்றி, சைலன்ஸ் டூகுட் என்ற நடுத்தர வயது விதவையின் பெயரில் எழுதினான். மறுநாள் அண்ணனும் நண்பர்களும் அதை வாசித்துப் பாராட்டியதையும், எழுதியவர் யாராக இருக்கும் என்று ஊரின் அறிஞர்களை ஒவ்வொருவராக ஊகித்ததையும் அருகே நின்று கேட்டான். அந்த ஆண்டில் அப்படிப் பதினான்கு கடிதங்கள் வெளிவந்தன. அந்தப் பையன் பெஞ்சமின் பிராங்க்ளின். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறைக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. கதவுக்கடியில் தாளைச் செருகியவர், ஊர்விட்டு ஊர் தாள்கள் போகும் வழியைச் செப்பனிட்டார்.

நூற்றுப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1833இல், லண்டனில் இருபத்தொரு வயது நிருபர் ஒருவர் மாலை இருட்டில் ஃப்ளீட் தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குள் நுழைந்து, அங்கிருந்த ‘மன்த்லி மேகசின்’ அலுவலகத்தின் தபால் பெட்டியில் தன் முதல் கதையைப் போட்டுவிட்டு வந்தார். திருட்டுத்தனம் செய்பவரைப்போல் நடுங்கிக்கொண்டே போட்டதாகப் பின்னாளில் ஒரு முன்னுரையில் அவரே எழுதினார். அந்தக் கதை டிசம்பர் இதழில் வந்தது. கடையில் ஓர் இதழை வாங்கிப் பார்த்தவர், கலங்கிய கண்களோடு தெருவில் நடக்க முடியாமல், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் போய் அரைமணி நேரம் உலாவிவிட்டுத்தான் வெளியே வந்தார். கதையில் அவர் பெயர் அச்சாகவில்லை. காசும் கிடைக்கவில்லை. அவர் சார்லஸ் டிக்கன்ஸ்.

இந்த இரு கதைகளும் இனிமையாக முடிபவை. கதவுக்கு அப்பால் இருந்தவர்கள் சரியாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நடுக்கம் மகிழ்ச்சியாக மாறியது. புதிய எழுத்தாளர்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இத்தகைய கதைகளே. ஆனால் கதவுக்கு அப்பால் இருப்பவர் நல்லவராக, படித்தவராக, புதியவர்களிடம் அக்கறை உள்ளவராக இருந்தும் தீர்ப்புப் பிழைத்துப்போனால்? 1862இல் நடந்தது அதுதான்.

*

பாஸ்டனிலிருந்து 1857 முதல் வெளிவந்துகொண்டிருந்த ‘அட்லாண்டிக் மன்த்லி’, அன்றைய அமெரிக்க இலக்கிய உலகில் பெருமதிப்புப் பெற்ற இதழ். அதன் 1862 ஏப்ரல் இதழின் முதல் கட்டுரை இளம் படைப்பாளி ஒருவருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் வடிவில் அமைந்திருந்தது. எழுதியவர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் வாழ்ந்தவர். முன்பு கிறித்துவப் போதகராக இருந்தவர். அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர். பெண்களின் உரிமைக்காகப் பேசியவர். பத்திரிகைகளுக்கு எழுத விரும்பும் புதியவர்களிடமிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுதுவதற்குப் பதிலாக அச்சில் ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன் என்று தொடங்குகிறார்.

அந்தக் கட்டுரை இன்று படிக்கவும் சுவையானது. அதன் முதல் வாக்கியத்திலேயே ஒரு குறும்பான கவனிப்பு உண்டு: பெண்மை தெரியும் கையெழுத்தில் ஆண்பெயரை இட்டுக்கொண்டு வருகின்ற கையெழுத்துப் பிரதிகள் எத்தனையோ! ஆகவே இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் பொதுவாகவே எழுதுகிறேன் என்கிறார். பிறகு நடைமுறை யோசனைகள் வருகின்றன. நல்ல பேனா, கறுப்பு மை, வெள்ளைத் தாள் ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அழுக்கான பிரதியைப் பார்த்ததும் ஆசிரியரின் மனம் சுருங்குவது இயல்பு. நம் இதழ்கள் ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொன்னதன் மூதாதையான அறிவுரை இது. இதைத் தாண்டியும் ஒன்று சொல்கிறார். ஆசிரியர்கள் புதியவர்களை விரட்டக் காத்திருக்கும் பகைவர்கள் அல்லர். புதிய மேதை ஒருவரைத் தாமே முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்புக்காக ஏங்குகிறவர்கள். எனவே அஞ்சாதீர்கள், அவசரமும் படாதீர்கள். ஒரு சொல்லைச் செதுக்கும் உழைப்பு வீணாகாது. புகழை விட வாழ்வு பெரியது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இறந்தவர்களின் பட்டியல்கள் செய்தித்தாள்களை நிறைத்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் உட்கார்ந்து புதிய எழுத்தாளர்களின் நடுக்கத்துக்கு மருந்து எழுதினார் என்பதே அவருடைய நல்ல மனத்துக்குச் சான்று. அதே ஆண்டின் இறுதியில் அவர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொண்டு அமைந்த படைப்பிரிவு ஒன்றுக்குத் தளபதியாகப் போனார்.

*

இதழ் வெளிவந்து சில நாட்களில், ஏப்ரல் 16ஆம் தேதி, வூஸ்டர் அஞ்சலகத்தில் ஹிக்கின்சன் ஒரு கடிதத்தைப் பெற்றுக்கொண்டார். ஆம்ஹெர்ஸ்ட் என்ற சிற்றூரின் அஞ்சல் முத்திரை இருந்தது. பறவைக் காலடித் தடங்களைப் பார்த்து எழுதப் பழகியதுபோன்ற விசித்திரமான கையெழுத்து என்று பிறகு நினைவுகூர்ந்தார்; ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் அருங்காட்சியகம் அத்தகைய புதைபடிவத் தடங்களுக்குப் பெயர் பெற்றது. கடிதத்துடன் நான்கு கவிதைகள். கடிதத்தில் கையொப்பம் இல்லை. உறைக்குள் இன்னொரு சிறிய உறை; அதற்குள் ஓர் அட்டை; அந்த அட்டையில், மையால்கூட அல்ல, பென்சிலால் ஒரு பெயர்: எமிலி டிக்கின்சன்.

புதிய எழுத்தாளரின் நடுக்கம் முழுவதும் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. பிராங்க்ளின் பொய்ப்பெயரில் ஒளிந்தார், டிக்கன்ஸ் இருட்டில் ஒளிந்தார். டிக்கின்சன் பொய் சொல்லவில்லை. பெயரைக் கொடுக்கவும் வேண்டும், கொடுக்காமலும் இருக்க வேண்டும். படிக்கிறவர் முதலில் கவிதையைப் பார்க்கட்டும், விரும்பினால் மட்டும் உள்ளுறையைத் திறக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் கேட்ட கேள்வியும் வழக்கமானதன்று. இவை பிரசுரத்துக்கு ஏற்றவையா என்று கேட்கவில்லை. தம் கவிதைகளுக்கு உயிர் இருக்கிறதா, அவை மூச்சு விடுகின்றனவா என்று கேட்டார். மனம் தனக்கு மிக அருகில் இருப்பதால் தானே தெளிவாகப் பார்க்க இயலவில்லை என்றும், கேட்பதற்கு வேறு யாரும் இல்லை என்றும் எழுதினார். சொல்வதை இரகசியமாக வைத்துக்கொள்ளும்படியும் கோரினார்.

அவருக்கு அப்போது வயது 31. கல்லூரியின் பொருளாளராகவும் வழக்கறிஞராகவும் இருந்த தந்தையின் வீட்டில் வாழ்ந்துவந்தார். அதற்குள் ஏறத்தாழ 300 கவிதைகள் எழுதியாகிவிட்டது. அவற்றைப் பிரதி எடுத்து, தாள்களை மடித்து, நூலால் தைத்துச் சிறு ஏடுகளாக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஹிக்கின்சனுக்கு அனுப்பிய நான்கில் ஒன்றின் வேறொரு வடிவம், ஒன்றரை மாதத்துக்கு முன்புதான், குடும்ப நண்பர் ஆசிரியராக இருந்த ‘ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்’ நாளிதழில் பெயரின்றி வெளியாகியிருந்தது. ஆகவே அச்சு என்பது அவர் அறியாத பொருளன்று. ஆயினும் அடுத்த கடிதத்தில், எவ்வளவு காலமாக எழுதுகிறீர்கள் என்ற பொருளில் ஹிக்கின்சன் கேட்ட கேள்விக்கு, இந்தக் குளிர்காலம்வரை ஒன்றிரண்டு பாட்டுக்கு மேல் எழுதியதில்லை என்று பதில் சொன்னார். இது உண்மையன்று. முந்நூறு எழுதியும் இன்னும் தெரியவில்லையா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற கூச்சம் புதிதாக அனுப்புகிறவர் எவருக்கும் புரியும்.

*

ஹிக்கின்சன் டிக்கின்சனுக்கு எழுதிய அந்தத் தொடக்கப் பதில்கள் இன்று கிடைப்பதில்லை. அவற்றில் என்ன இருந்தது என்பதை டிக்கின்சனின் மறுமொழிகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நடை சீராக இல்லை, வலிப்பு வந்ததுபோல் துள்ளுகிறது, கட்டுப்பாடு இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வெளியிடுவதைத் தள்ளிப்போடுங்கள் என்றும் யோசனை சொல்லியிருக்கிறார். டிக்கின்சன் முதல் பதிலில் அறுவை சிகிச்சைக்கு நன்றி என்றார். ஜூன் மாதக் கடிதத்தில், வெளியிடும் எண்ணமே தமக்கு அந்நியமானது என்று புன்னகையோடு மறுத்தார். புகழ் தமக்கு உரியதென்றால் அதிலிருந்து தப்ப முடியாது, உரியதில்லையென்றால் அதைத் துரத்துவதில் வாழ்நாள் கழிந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். பிறகு, தமக்கு ஆசானாக இருக்க இயலுமா என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1891 அக்டோபர் ‘அட்லாண்டிக்’ இதழில், ஹிக்கின்சன் இந்தக் கடிதங்களை வெளியிட்டு ஒரு கட்டுரை எழுதினார். புத்தம் புதிய கவிமேதை ஒன்றைக் கண்டேன் என்ற உணர்வு முதல் வாசிப்பிலேயே தெளிவாக இருந்தது என்று அதில் சொல்கிறார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1862 ஏப்ரல் 17ஆம் தேதி, அதாவது அந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள், அவர் ‘அட்லாண்டிக்’ ஆசிரியர் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸுக்கு எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. கட்டுரையைப் படித்துவிட்டு இளம் படைப்பாளிகள் இனி முன்னைவிட மோசமானவற்றை அனுப்பப்போகிறார்கள். நேற்றும் முந்தாநாளும் அப்படி இரண்டு கவிதை மாதிரிகள் வந்தன. நல்லவேளையாக அவை பிரசுரத்துக்கு அனுப்பப்பட்டவை அல்ல என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். தேதிகளைப் பார்த்தால் அவற்றுள் ஒன்று எமிலி டிக்கின்சனுடையது என்றே கருத வேண்டியிருக்கிறது.

இந்தக் குறிப்பை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஹிக்கின்சன்மீது கோபம் வந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆசிரியர்கள் புதிய மேதைக்காக ஏங்குகிறார்கள் என்று எழுதிய கை, மேதை கதவைத் தட்டிய மறுநாளே அதைக் கேலி செய்தது. அவர் பொய்யர் என்பதால் அன்று. புதியது உண்மையிலேயே புதியதாக வரும்போது, நல்ல வாசகருக்கும் அது முதலில் பிழையாகவே தென்படும். சந்தம் இடறுவதும், எதுகை அரைகுறையாக ஒலிப்பதும், வாக்கியத்தை நிறுத்தற்கோடுகள் துண்டாடுவதும் அன்றைய செவிக்குத் திறமைக் குறைவாகத்தான் கேட்டிருக்க வேண்டும். அவை தெரிந்தே செய்யப்பட்டவை என்று உலகம் உணர இரண்டு தலைமுறைகள் ஆயின.

எனினும் ஹிக்கின்சன் ஒன்று செய்தார்: பதில் எழுதினார். கேலிக்குறிப்பு எழுதிய அதே நாட்களில் அந்த முகம் தெரியாத பெண்ணுக்கும் பதில் எழுதினார். வயதைக் கேட்டார், படித்த நூல்களைக் கேட்டார், தோழர்கள் யாரென்று கேட்டார். போர்க்களத்திலிருந்தும் தொடர்பு அறுந்துவிடவில்லை. அந்தக் கடிதப் போக்குவரத்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு, டிக்கின்சன் இறக்கும் ஆண்டுவரை நீடித்தது. 1870 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஆம்ஹெர்ஸ்டுக்கு நேரில் சென்றார். வெள்ளை உடையில் வந்த டிக்கின்சன் இரண்டு அல்லி மலர்களை அவர் கையில் வைத்து, இவையே என் அறிமுகம் என்றாராம். முன்பு உள்ளுறையில் ஒளித்துவைத்த பெயர் அட்டையின் இடத்தில் இப்போது மலர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டில் டிக்கின்சன் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. தம் உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான், அது அவருக்கே தெரியாது என்கிறார். என்ன செய்து காப்பாற்றினார்? பாராட்டவில்லை. பிரசுரிக்கவில்லை. கவிதைகளைச் சரியாகப் புரிந்துகொள்ளவும் இல்லை. பதில் சொன்னார், அவ்வளவுதான்.

*

மீதிக் கதை பலரும் அறிந்ததே. டிக்கின்சன் வாழ்நாளில் அச்சேறியவை பத்துக் கவிதைகள் மட்டுமே, எல்லாமே பெயரின்றி. அவற்றில் ஒன்று 1866இல் வெளிவந்தபோது, மூன்றாம் அடியில் யாரோ நிறுத்தற்குறியை மாற்றிப் பொருளைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஹிக்கின்சனிடம் முறையிட்டிருக்கிறார். வெளியிட விரும்பவில்லை என்று சொன்னவர், ஒரு நிறுத்தற்குறிக்காக வருந்தினார். பிரசுரத்தின்மீதான அச்சம் என்று நாம் சொல்வது பல நேரங்களில் கோழைத்தனம் அன்று; தான் வைத்த இடத்தில் தான் வைத்த குறி இருக்குமா என்ற கவலையும் அதில் உண்டு.

1886 மே 15ஆம் தேதி அவர் இறந்தார். அடக்கத்தின்போது கவிதை வாசித்தவர்களுள் ஹிக்கின்சனும் ஒருவர். பிறகு தங்கை லவீனியா, அக்காவின் விருப்பப்படி அவருக்கு வந்திருந்த கடிதங்களை எரித்தார். அப்போதுதான் தைத்து வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ நாற்பது ஏடுகளும் உதிரித் தாள்களும் கண்ணில் பட்டன. மொத்தம் 1,800க்குச் சற்றுக் குறைவான கவிதைகள். அவற்றையும் லவீனியா நெருப்பில் இட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. 1890 நவம்பரில் மேபல் லூமிஸ் டாட் என்ற பெண்மணியும் ஹிக்கின்சனும் தொகுத்த முதல் நூல் வெளிவந்தது. தலைப்புகள் சேர்க்கப்பட்டன, எதுகைகள் சீராக்கப்பட்டன, கோடுகள் நீக்கப்பட்டன. பதிப்பாளர் தயங்கி 500 பிரதிகளே முதலில் அச்சிட்டார். 1892 முடிவதற்குள் அந்நூல் பதினொரு முறை அச்சேறியது. அவர் எழுதியபடியே எல்லாக் கவிதைகளையும் தர முயன்ற பதிப்பு, தாமஸ் ஜான்சனின் முயற்சியில், 1955இல்தான் வந்தது.

*

டிக்கின்சனின் கதையைப் புதிய எழுத்தாளருக்கு உதாரணமாகச் சொல்வதில் ஒரு நேர்மைக் குறைவு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குத் தந்தையின் வீடு இருந்தது. அரிசி விலையைப் பற்றிக் கவலைப்படாமல் பெட்டிக்குள் கவிதைகளைச் சேர்த்து வைக்க முடிந்தது. எழுத்தை நம்பி வாடகை கொடுக்க வேண்டியவருக்கு, உயிர் இருக்கிறதா என்பதோடு பணம் வருமா என்பதும் கேள்விதான்.

அப்படிப்பட்ட ஒருவர் ஜாக் லண்டன். தங்கம் தேடிக் கிளாண்டைக் போய், வெறுங்கையோடு 1898இல் ஓக்லண்ட் திரும்பியபோது அவருக்கு வயது 22. வளர்ப்புத் தந்தை இறந்துபோயிருந்தார். குடும்பப் பாரம் அவர் தலையில். சைக்கிள் முதலான பொருட்களை அடகு வைத்து அஞ்சல் தலை வாங்கினார். அனுப்பியவை ஒவ்வொன்றாகத் திரும்பின. நூற்றுக்கணக்கான மறுப்புச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தார். பின்னாளில் 1909இல் வெளியான ‘மார்ட்டின் ஈடன்’ நாவலில், மறுமுனையில் மனிதர் யாருமே இல்லையோ, பிரதியை ஓர் உறையிலிருந்து இன்னோர் உறைக்கு மாற்றித் தலை ஒட்டும் பற்சக்கர இயந்திரம்தான் இருக்கிறதோ என்று கதாநாயகன் சந்தேகப்படுவான். தானியங்கிப் பதில் மின்னஞ்சலைப் பெற்ற இன்றைய இளைஞருக்கு அந்தச் சந்தேகத்தை விளக்கத் தேவையில்லை.

முதலில் ஏற்கப்பட்ட கதைக்கு ‘ஓவர்லேண்ட் மன்த்லி’ தந்தது ஐந்து டாலர். அது 1899 ஜனவரி இதழில் வந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இருந்த தூரம் அவரை ஏறக்குறைய முடக்கிவிட்டது. அந்த நேரத்தில் ‘பிளாக் கேட்’ என்ற இதழின் ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கதை நீளம்; பாதியாகக் குறைக்கச் சம்மதித்தால் நாற்பது டாலர் தருகிறோம். அந்தக் கடிதம்தான் தம்மைக் காப்பாற்றியது என்று லண்டன் பின்னர் எழுதினார். அதே காலத்தில் அஞ்சல் துறைத் தேர்வில் தேறியிருந்த அவருக்கு மாதம் 65 டாலர் சம்பளத்தில் வேலையும் வந்தது. பிறர் எழுதிய உறைகளைச் சுமக்கும் அந்த வேலையை மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருடைய நீண்ட கதை ஒன்று ‘அட்லாண்டிக் மன்த்லி’யில் வெளிவந்தது.

ஹிக்கின்சனைப் போலவே லண்டனும் புதியவர்களுக்கு அறிவுரைக் கட்டுரை எழுதினார், 1903இல். அதில் மையையும் தாளையும் விட முக்கியமாக அவர் வலியுறுத்துவது, நாள்தோறும் குறிப்பிட்ட அளவு எழுதிக்கொண்டே இருப்பது. அவருடைய சொந்த வழக்கம் நாளுக்கு ஆயிரம் சொற்கள். அனுப்பியதன் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் அந்த ஆயிரம் நிற்கவில்லை.

*

டிக்கின்சனையும் லண்டனையும் இணைத்துப் பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஒருவர் வீட்டை விட்டு வெளியே வராதவர். மற்றவர் கடலிலும் பனியிலும் அலைந்தவர். ஆனால் இருவரும், ஓர் ஆசிரியரின் கடிதம் தம்மைக் காப்பாற்றியது என்று ஏறத்தாழ ஒன்றாகவே சொல்கிறார்கள். அந்த இரு கடிதங்களிலும் புகழுரை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று நடை தள்ளாடுகிறது என்றது, மற்றொன்று பாதியை வெட்டு என்றது. இரண்டும், இங்கே ஒரு மனிதர் இருக்கிறார், நீங்கள் அனுப்பியதைப் படித்தார் என்று தெரிவித்தன.

ஆகவே அந்த இளம்பெண் அஞ்சியது சரியானதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். மறுப்பு ஓர் உறவு, மௌனம் அப்படியன்று. இதழ் நடத்துகிற நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். நூறு படைப்புகள் வந்து குவியும்போது ஒவ்வொன்றுக்கும் விரிவாக எழுத முடியாது என்பது உண்மை. இரண்டு வரி எழுதலாம். அந்த இரண்டு வரி யாரைச் சென்று சேர்கிறது என்று நமக்குத் தெரியாது. ஹிக்கின்சனுக்கும் தெரியவில்லை.

எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. நாம் அனுப்பும் ஒவ்வோர் உறையிலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளியுறையில், இதைப் போடுவீர்களா என்ற கேள்வி. உள்ளுறையில், இதற்கு உயிர் இருக்கிறதா என்ற கேள்வி. முதற்கேள்விக்குப் பதில் சொல்ல ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு. பக்கம், காலம், பணம், இதழின் போக்கு என அவருக்கு ஆயிரம் காரணங்கள். இரண்டாவதற்கு அவர் சொல்லும் பதில் ஒரு வாசகரின் பதில் மட்டுமே, அன்றைய ஒரு நாளின் பதில் மட்டுமே. முதற்கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் கை நடுங்குகிறது. நடை சரியில்லை என்று கேட்ட பின்னும் டிக்கின்சன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. நன்றி சொல்லிவிட்டு, அதே நடையில் அடுத்த கவிதைகளை அவருக்கே அனுப்பினார். அவருடைய பெரும்பாலான கவிதைகள் அந்த ஏப்ரலுக்குப் பின்னர் எழுதப்பட்டவை.

சென்ற வாரம் அந்தப் பெண்ணிடம் பேசினேன். பதினான்காம் நாள் கட்டுரையை அனுப்பிவிட்டாராம். பதில் வந்ததா என்று கேட்டேன். “இன்னும் வரலைண்ணா. அதுக்குள்ள ரெண்டாவது கட்டுரை பாதி ஆயிடுச்சு” என்றார்.